குருவிச்சையா, ஓர்க்கிட்டா?

பெரும்போக மழைக்கு முன்னர் வளவைத் துப்புரவாக்கும் கமக்காரர் மாமரத்தின் கிளைகளையும் அண்ணாந்து நோக்குவது வழக்கம். கிளையிற் பற்றியிருக்கும் குருவிச்சையைக் கண்டால் அதனை வெட்டி அகற்றுவர். இது செய்யவேண்டிய வேலையே. ஆயின், குருவிச்சையை வெட்டிய அதே கத்தி, பக்கத்துக் கிளையில் தடித்த இலைகளோடும் வெண்ணிற வேர்களோடும் ஒட்டியிருக்கும் வேறொரு செடியையும் சீவி வீழ்த்திவிடுகின்றது. மரத்தின் சாற்றில் ஒரு துளியையேனும் அச்செடி எடுப்பதில்லை. மழை நீரையும், காற்றின் ஈரத்தையும், பட்டையிற் படியும் தூசியையும் கொண்டே அது வாழ்கின்றது. அதுவே ஓர்க்கிட். மரத்தில் வாழும் இவ்வினங்களை மரவாழை எனத் தமிழில் வழங்குவாருமுளர்.

ஓர்க்கிட் மலைநாட்டுச் செல்வந்தரின் கண்ணாடி வீட்டுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறாகும். இலங்கையில் இயற்கையாக வளரும் ஓர்க்கிட் இனங்கள் ஏறக்குறைய 190 ஆகும். இவற்றுட் பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளிலும் மலைகளிலும் உள்ளனவெனினும், வெயிலையும் வறட்சியையும் தாங்கும் சில இனங்கள் உலர்வலயத்திற்கே உரியவை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் வாழும் கமக்காரர் தம் வளவிலுள்ள செடியை இனங்காணவும், ஓய்வு நேரத்திற் சில சாடிகளை வளர்க்கவும் வேண்டிய குறிப்புக்களை இப்பிரசுரம் தருகின்றது.

குருவிச்சையிலிருந்து பிரித்தறிதல்

புல்லுருவி என்றும் கூறப்படும் குருவிச்சை ஓர் ஒட்டுண்ணி. அதன் வித்தைச் சுற்றிப் பசைபோன்ற பொருள் உண்டு. பழத்தைத் தின்னும் சிறு குருவிகள் வித்தைக் கிளையில் விட்டுச்செல்ல, அது அங்கேயே முளைத்து, உறிஞ்சும் உறுப்பைப் பட்டையினுள் செலுத்துகின்றது. அது பற்றிய இடத்திற் கிளை முடிச்சுப்போற் பருத்திருக்கும். அதற்கப்பாலுள்ள கிளைப்பகுதி நாளடைவில் மெலிந்து காயும்.

ஓர்க்கிட் ஒட்டுண்ணியன்று, மேலொட்டி. மரம் அதற்கு இருக்கை மாத்திரமே. இரண்டையும் பிரித்தறிய நான்கு அடையாளங்களை நோக்குக.

முதலாவது, வேர். ஓர்க்கிட்டின் வேர் பென்சிற் பருமனாகவோ அதனிலும் மெலிந்தோ பட்டையின் மேலே படர்ந்திருக்கும். சில வேர்கள் காற்றிலே தொங்கும். காய்ந்திருக்கையில் வெள்ளிபோல் வெளுத்தும், நனைந்ததும் பச்சையாகவும் தோன்றும். குருவிச்சைக்கு இவ்வாறு தொங்கும் வேர் இல்லை.

இரண்டாவது, இலை. ஓர்க்கிட்டின் இலை நரம்புகள் நெல், தென்னை ஆகியவற்றிற்போல ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். குருவிச்சையின் இலை நரம்புகளோ கிளைத்துச் செல்லும்.

மூன்றாவது, கிளை. ஓர்க்கிட் இருக்குமிடத்திற் கிளை பருத்திராது. வேரை மெல்ல விலக்கினால் அடியிற் பட்டை பழுதின்றி இருக்கும்.

நான்காவது, தண்டு. குருவிச்சையின் தண்டு முற்றி மரத்தன்மை அடையும். ஓர்க்கிட்டின் தண்டு சதைப்பற்றோ நாரோ உடையதாய் இருக்குமேயன்றி விறகாக மாறாது.

இந்நான்கையும் பார்த்தபின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும். ஓர்க்கிட் வித்திலிருந்து முளைத்துப் பூக்கும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். ஒரு கணத்திற் சீவியெறியும் செடியை ஒரு போகத்திலோ இரு போகத்திலோ மீளப்பெற இயலாது.

பூவின் அமைப்பு

பூத்திருக்கும் செடியை இனங்காணுதல் எளிது. ஓர்க்கிட் பூவில் வெளிவட்டத்தில் மூன்று இதழ்களும் உள்வட்டத்தில் மூன்று இதழ்களும் உள்ளன. உள்வட்ட இதழ்களுள் ஒன்று மாத்திரம் வடிவிலும் நிறத்திலும் வேறுபட்டிருக்கும். இதனை உதட்டிதழ் என்பர். பூவை நாடிவரும் பூச்சி இறங்கும் மேடை இதுவே. பூவின் நடுவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாயிணைந்த சிறு தூண் ஒன்று உண்டு. மகரந்தம் பொடியாக உதிராது, சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். உதட்டிதழ், தூண், மகரந்தத் திரள் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படின் அப்பூ ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 28,000 இனங்கள் உள. வாசனைக்காகப் பயிரிடப்படும் வனிலாவும் இக்குடும்பத்ததே.

உலர்வலயத்திற் காணத்தக்க இனங்கள்

வண்டா டெசெலாற்றா: மா முதலிய மரங்களில் ஒட்டி வளர்வது. இலைகள் நாடா வடிவின. நடுவில் வாய்க்கால்போற் குழிந்து இருபுறமும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். நுனி கடித்தெடுத்தாற்போற் காணப்படும். இதழ்களில் மஞ்சட்பச்சை அல்லது கபில நிறத்தின்மேற் கட்டங்கட்டமாகக் கோடுகள் ஓடும். உதட்டிதழ் நீலமோ ஊதாவோ ஆகும். பூ மணமுடையது. கட்டமிட்டது என்பதே இதன் இரண்டாம் பெயரின் பொருள்.

தப்ரோபேனியா ஸ்பதுலாற்றா: முட்பற்றைகளின்மேல் ஏறி வளரும் இச்செடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. இலைகள் குறுகியவை, தடித்தவை. நீண்ட காம்பின் நுனியிற் பொன்னிறப் பூக்கள் விரியும். முன்னர் வண்டா எனப்பட்ட இதற்கு, இலங்கையின் பழம்பெயராகிய தப்ரபேன் என்பதிலிருந்து இப்போதைய பெயர் இடப்பட்டது.

சிம்பிடியம்: இலைகள் கற்றாழைபோற் தடித்து வாள் வடிவில் நீண்டிருக்கும். மரப்பொந்துகளிலும் கிளைக்கவைகளிலும் பெருங்குத்தாக வளரும். பூங்கொத்து நிமிர்ந்து நில்லாது கீழ்நோக்கித் தொங்கும்.

ரிங்கோஸ்டைலிஸ்: வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் நெருக்கமாக அமைந்து நரிவால்போற் தொங்கும். ஆங்கிலத்தில் இதனை மட்டக்களப்பு ஓர்க்கிட் என அழைப்பர்.

கொற்றோனியா: மெல்லிய நீண்ட காம்பில் அமரும் இதன் பூவின் உதட்டிதழ் வண்டு ஒன்று இருப்பதுபோற் தோன்றும். இதனால் வண்டு ஓர்க்கிட் எனப் பெயர்பெற்றது.

இலையற்ற வனிலா: இது கொடி. இலையின்றிப் பச்சைத் தண்டாகப் பற்றைகளில் ஏறுவதால் பிரண்டையென மயங்குவோர் உளர். பிரண்டையின் தண்டு நான்கு விளிம்புடையது, கணுக்களில் ஒடுங்கியிருக்கும். இவ்வனிலாவின் தண்டோ உருண்டு வழுவழுப்பாக இருக்கும். பூ பெரியது, வெண்மையானது.

காட்டுச் செடியைப் பிடுங்காதிருத்தல்

இவ்வினங்களை அறிந்தவுடன் காட்டுக்குச் சென்று சிலவற்றைக் கொணரலாமே என்னும் ஆசை எழுவது இயல்பு. அவ்வாசையை அடக்குதல் வேண்டும். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம் சட்டம். மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள வில்பத்து 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனஞ்செய்யப்பட்டது. தேசிய வனத்திலிருந்தோ ஒதுக்குக் காட்டிலிருந்தோ செடி எடுத்தல் குற்றமாகும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இலங்கை 1979ஆம் ஆண்டிற் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் அட்டவணைகளில் ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் அடங்கும்.

இரண்டாங் காரணம், செடியின் இயல்பு. ஓர்க்கிட் காய் ஒன்றில் இலட்சக்கணக்கான வித்துக்கள் இருத்தல் கூடும். அவை தூள்போன்றவை. நெல்மணியிலுள்ளதுபோல் முளைக்கு உணவாகும் மாப்பொருள் அவற்றில் இல்லை. தக்கதொரு பங்கசு வித்தினுட் புகுந்து உணவளித்தாலன்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. ஆதலாற் காட்டில் இலட்சம் வித்துக்களுள் ஒன்று செடியாவதே அரிது. வேர் அறுந்து கொணரப்பட்ட காட்டுச்செடியோ, புது இடத்திற் பெரும்பாலும் மெலிந்து மடியும்.

மூன்றாங் காரணம் அனுபவம். நம் நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வெசாக் காலத்தையொட்டிப் பூப்பது. அழகின் பொருட்டு இடையறாது பிடுங்கப்பட்டமையும் காடு அழிந்தமையும் அதனை அருகச் செய்துவிட்டன. ஒரு செடிதானே எனப் பலரும் எண்ணியதன் விளைவு இது.

உமது சொந்த வளவிலுள்ள செடியை அதன் மரத்திலேயே விடுக. அம்மரம் காற்றில் வீழ்ந்தாலோ, தறிக்க நேர்ந்தாலோ மாத்திரம் செடியைப் பட்டையோடு பெயர்த்து, முரடான பட்டையுள்ள வேறொரு மரத்தில் தும்புக் கயிற்றாற் கட்டுக. ஒற்றோபர் மழை தொடங்குங்காலம் இதற்கு உகந்தது. கயிற்றை இறுகக் கட்டுக. செடி அசைந்துகொண்டிருந்தாற் புதுவேர் பட்டையைப் பற்றாது.

வளர்ப்பதற்கு ஏற்றவை

1922ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், சீனியும் உப்புக்களும் சேர்ந்த ஏகார்க்கூழில் ஓர்க்கிட் வித்தைப் பங்கசின் உதவியின்றி முளைப்பிக்கலாம் என வெளியிட்டார். இம்முறையாலும், பின்னர் வந்த இழைய வளர்ப்பாலும் கோடிக்கணக்கான கன்றுகள் போத்தல்களில் உற்பத்தியாகின்றன. ஆகவே காட்டைத் தொடாமலே செடி பெறலாம். நம்பத்தகுந்த நாற்றுமேடையிற் பெயர்ச்சீட்டுடன் உள்ள செடியையே வாங்குக.

புதிதாகத் தொடங்குவோர்க்கு இருவகை ஏற்றவை. ஒன்று, டென்ட்ரோபியம் கலப்பினங்கள். இவை சாடியில் வளர்வன, வெப்பத்தைத் தாங்குவன, வெட்டிய பூங்கொத்து நீரில் இரண்டு கிழமை வரை வாடாதிருக்கும். மற்றையது, பென்சில்போல் உருண்ட இலையுடைய வண்டாக்கள். இவற்றுட் பெயர்பெற்றது மிஸ் யோக்கிம் என்னும் கலப்பினம். சிங்கப்பூரிற் தோன்றி 1893ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இது, 1981ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய மலராக்கப்பட்டது. திறந்த வெயிலில், நிலத்தில் நட்ட கம்பங்களிற் கட்டி இதனை வளர்க்கலாம். நிழலில் நட்டாற் தழைக்கும், பூக்காது.

சாடியும் நிரப்புபொருளும்

ஓர்க்கிட்டை மண்ணிலோ எருவிலோ நடுதல் புதியோர் செய்யும் முதற்பிழை. இதன் வேருக்கு நீரைப்போலவே காற்றும் வேண்டும். வேண்டிய பொருள்கள் யாவும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள லுணுவிலவைச் சூழ்ந்த தென்னந்தோட்டங்களில் மட்டையும் சிரட்டையும் மலிவு. வாய்க்கால், தங்கொட்டுவப் பகுதிகளின் ஓட்டுத் தொழிற்சாலைகளில் உடைந்த ஓடு கிடைக்கும்.

பக்கங்களிலும் அடியிலும் துளையுள்ள மட்சாடியை எடுத்து, அடியில் மூன்றிலொரு பங்குக்கு உடைந்த ஓட்டை இடுக. அதன்மேற் சிரட்டைக்கரியையும், சிறுவிரற் பருமனாக வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கலந்து நிரப்புக. மட்டைத் துண்டுகளை முன்னதாக ஒரு கிழமைக்கு நீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றுக. புது மட்டையிலுள்ள துவர்ச்சாறும் உப்பும் இதனால் நீங்கும். உவர்நீரேரியில் ஊறிய மட்டையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

செடியின் அடித்தண்டு நிரப்புபொருளின் மேலேயே இருத்தல் வேண்டும், புதைத்தால் அழுகும். செடியை ஒரு சிறு தடியோடு கட்டிவிடுக. இரண்டு ஆண்டுக்கொருமுறை மட்டை உக்கிப்போகும். அப்போது சாடியை மாற்றுக.

நீரே முதன்மையானது

இக்கரையோரத்தில் ஓர்க்கிட் மடிவதற்குப் பெருங்காரணம் வெயிலன்று, கிணற்றுநீரே. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில், மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதக்கின்றது. கோடையில் நீரை மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறும். அன்றியும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளையின் நைத்திரேற்று மணலினூடே இறங்கிக் கிணறுகளிற் சேர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீரைத் தென்னை தாங்கும். ஓர்க்கிட்டின் வேர் தாங்காது.

அடையாளம் எளிது. சாடியின் ஓரத்திலும் கரித்துண்டிலும் வெள்ளைப் படிவு தோன்றும். வேர் நுனியின் பச்சை கருகும். இலைநுனி கறுத்துக் காயும். இவற்றைக் காணின் பசளையை நிறுத்தி, நன்னீராற் சாடியை நிறைய வடியவிட்டுக் கழுவுக. நீரின் மின்கடத்துதிறனை அளந்து பார்ப்பது இன்னும் நன்று. அது மீற்றருக்கு 0.5 தெசிசீமனுக்கு மேற்படாதிருத்தல் விரும்பத்தக்கது.

இதற்குச் சிறந்த பரிகாரம் மழைநீர். பத்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் உள்ள கூரை 50 சதுர மீற்றர் பரப்புடையது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலீற்றர் நீராகும். ஆகவே 20 மில்லிமீற்றர் மழையொன்று 1,000 இலீற்றர் தரும். சிந்துவதும் முதலில் வழியும் அழுக்கு நீரும் போக 800 இலீற்றரைச் சேர்த்தாலும், நாளொன்றுக்கு ஐந்து இலீற்றர் வேண்டும் இருபது சாடிகளுக்கு அது 160 நாட்களுக்குப் போதும். தாங்கியை நுளம்பு புகாதவாறு மூடிவைத்தல் கட்டாயம்.

நீரைக் காலையில் ஊற்றுக. வேர் வெள்ளியாக வெளுத்திருந்தால் நீர் வேண்டும். பச்சையாக இருந்தாற் பொறுத்திருக்கலாம். குருத்தில் இரவு நீர் தேங்கிநிற்றல் ஆகாது.

ஒளியும் காற்றும்

டென்ட்ரோபியத்துக்கு அரைநிழல் வேண்டும். ஐம்பது வீத நிழல்வலையோ, இடைவெளி விட்டு வேய்ந்த கிடுகுப் பந்தரோ போதும். இலையைப் பார்த்து ஒளியை அறியலாம். கரும்பச்சையாயின் நிழல் மிகுதி. மஞ்சட்பச்சையாயின் அளவு சரி. சிவந்து வெளுத்தால் வெயில் மிகுதி. தென்னையின் நிழல் நல்லதெனினும், மட்டையும் காயும் வீழுமிடத்திற் சாடியைத் தொங்கவிடல் அறிவுடைமையன்று.

மே முதல் செத்தெம்பர் வரை வீசும் சோளகக் காற்று கடலின் உப்புத் திவலையைச் சுமந்துவருவது. கடற்கரையை அண்டிய வளவுகளில் மேற்குப் புறத்தில் உயிர்வேலியோ கிடுகு வேலியோ அமைத்துச் செடிகளை அதன் மறைவில் வைக்குக. காற்றடித்த நாளின் மறுகாலையில் இலைகளை நன்னீராற் கழுவிவிடுக.

பசளையும் பாதுகாப்பும்

ஓர்க்கிட் சிற்றுண்டி உண்பது, விருந்து உண்பதன்று. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சமமாக உள்ள நீரிற்கரையும் பசளையில் ஒரு கிராமை ஓர் இலீற்றர் நீரிற் கரைத்துக் கிழமைக்கொருமுறை தெளித்தல் போதும். முதலில் நன்னீரால் வேரை நனைத்தபின்னரே பசளைநீரைத் தெளிக்குக. வெங்காயப் பாத்திக்கு இடும் யூரியாவைக் கையளவு எடுத்துச் சாடியில் தூவினாற் செடி சில நாட்களிற் கருகும்.

நத்தை இரவில் வேர்நுனியையும் அரும்பையும் தின்னும். விளக்கொளியிற் பொறுக்கி அழிக்குக. செதிற்பூச்சி இலையின் அடியில் ஒட்டியிருக்கும். சவர்க்கார நீரில் தோய்ந்த துணியால் துடைத்தெடுக்குக. பனிப்பூச்சி பூவிதழைச் சுரண்டிக் கறைப்படுத்தும். வெங்காயத்திலும் மிளகாயிலும் அதன் வகைகள் பெருகுமாதலாற் பூச்சாடிகளை அப்பாத்திகளுக்கு அண்மையில் வைக்கவேண்டாம். குருத்தழுகல் மழைக்காலத்தில் வரும். அழுகிய பாகத்தைச் சுட்ட கத்தியால் வெட்டி அகற்றி, வெட்டுவாயைக் காயவிட்டு, செடியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுக.

டென்ட்ரோபியத்தைப் பெருக்குவதாயின், சாடி மாற்றும்போது துண்டொன்றுக்கு மூன்று நான்கு தண்டுகள் இருக்குமாறு பிரித்து நடுக. தண்டில் தோன்றும் குட்டிக்கன்றை அதன் வேர் நான்கைந்து சென்ரிமீற்றர் நீண்டபின்னரே பிரித்தெடுக்குக.

குறிப்பேடு ஒன்று வைத்தல்

விதைத்த நாளையும் அறுத்த நாளையும் குறித்துவைக்கும் கமக்காரருக்கு இது புதிய வேலையன்று. ஒரு கொப்பியில் செடி இருக்கும் மரம், நிலத்திலிருந்து அதன் உயரம், இலையின் வடிவம், அரும்பிய நாள், பூவிரிந்த நாள், நிறம், மணம் ஆகியவற்றை எழுதுக. பூவை அளவுகோலொன்றின் பக்கத்தில் வைத்து, முன்னாலும் பக்கவாட்டிலும் கைத்தொலைபேசியாற் படமெடுக்குக; உதட்டிதழ் தெளிவாகத் தெரிதல் வேண்டும். இதற்காகப் பூவைப் பறிக்கவேண்டியதில்லை. இத்தகைய குறிப்போடு சென்றால் 1821ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓர்க்கிட் இல்லத்திலுள்ள செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் எளிதாகும். ஒரே மரத்தை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதிய கமக்காரரின் குறிப்பு, ஒருநாள் வந்து பார்த்துச் செல்பவரின் குறிப்பிலும் பயனுடையது.

முடிவுரை

ஓர்க்கிட் வளர்த்தல் நெல்லுக்கோ மரக்கறிக்கோ மாற்றாகாது. நான்கைந்து சாடிகளோடு தொடங்குக. இரண்டு கோடைகளை அவை கடந்தபின்னர் மேலும் சேர்க்கலாம். செலவின்றி இன்றே செய்யத்தக்க வேலையும் ஒன்று உண்டு. அடுத்தமுறை மாமரத்தைத் துப்புரவாக்க ஏறும்பொழுது, வெட்டுமுன் வேரைப் பார்க்கவும். கிளை பருத்து, வேர் தெரியாதிருந்தால் அது குருவிச்சை, தயங்காது வெட்டுக. வெள்ளி வேர் பட்டைமேற் படர்ந்திருந்தால் அது உம்மிடம் எதுவும் கேளாது வாழும் விருந்தாளி. அதனை அங்கேயே விட்டு இறங்குக.